ஐந்து அளவுகளும் ஒரு படுக்கையும்

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 36 கிலோவைத் தொடவில்லை என்றால், அவருடைய உடல்நிறைக் குறியெண் 14-ஐ ஒட்டி நிற்கிறது. காசநோய் உறுதியானவரிடம் இந்த எண் தென்பட்டால் மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டின் நடைமுறை இது. சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் பெயர் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். தருமபுரியும் அதில் அடக்கம்.

காசநோய்க்கு மருந்து உண்டு, ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று நம் சுகாதாரப் பிரசாரம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. அது பொய் இல்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் மட்டும் இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசநோயால் இறந்தார்கள். சிகிச்சைக்குள் வந்த பிறகும் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதங்களுக்குள் போய்விடுகிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே உடம்பு தோற்றுவிடுகிறது. பல மாதம் இருமி, சோறு இறங்காமல், வேலைக்கும் போய்க்கொண்டே இருந்தவர் கடைசியில் சளிப் பரிசோதனைக்கு வரும்போது அவர் தேவை மாத்திரையோடு முடிவதில்லை. ஆக்சிஜன் வேண்டும், கவனமாகக் கொடுக்கப்படும் உணவு வேண்டும், சில நாள் கண்காணிப்பு வேண்டும். பட்டினியில் ஒடுங்கிய உடம்புக்கு ஒரே நாளில் வயிறு நிறையச் சோறு போட்டாலும் ஆபத்து. உப்புச் சமநிலை குலைந்து இதயமே நின்றுவிடலாம். அதனால்தான் வீட்டில் கறிசோறு ஆக்கிப் போட்டுத் தேற்றிவிடலாம் என்ற அன்பு இங்கே போதாது.

அப்படியானால் யாரைச் சேர்ப்பது? எல்லாக் காசநோயாளிகளையும் படுக்கையில் கிடத்த எந்த மாவட்டத்திலும் இடம் இல்லை, அவசியமும் இல்லை. ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுக்க எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, நிபுணர் என்று பட்டியல் போட்டால் பென்னாகரத்துக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது நடக்காது. ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்டது ஐந்தே அளவுகளை. உடல்நிறைக் குறியெண் 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா? 16 அல்லது அதற்குக் கீழே இருந்து, காலும் வீங்கியிருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் வாங்குகிறதா? விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 94-க்குக் கீழே காட்டுகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? எடை மெஷின், உயரம் அளக்கும் நாடா, கையில் ஒரு கடிகாரம், கோவிட் காலத்தில் ஊர் ஊராக வந்து சேர்ந்த ஆக்சிமீட்டர், இவ்வளவுதான் கருவிகள். கால் வீக்கத்தைப் பார்க்கக் கருவியே வேண்டாம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். டாக்டர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரே செய்துவிடலாம்.

இந்த ஐந்தில் எதுவும் புதிதல்ல. மருத்துவக் கல்லூரி மாணவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்த சங்கதி. மரணத்தின் விளிம்பில் இருப்பவரைக் கண்டுகொள்ள இந்த எளிய அளவுகள் போதும் என்று அரசு அமைப்பின் உள்ளேயே நடைமுறையில் காட்டியதுதான் புதிது. அதை நான் கண்டுபிடிப்பு என்றே சொல்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹேமந்த் தீபக் ஷெவாடே குழுவினரும், மாநிலக் காசநோய் அலுவலர் ஆஷா ஃபிரடெரிக்கும் சேர்ந்து இதைக் கொண்டுசென்றார்கள். முன்னோட்டம் நடந்தது பக்கத்துக் கர்நாடகத்தில், 2020-இல். அது முடிந்த கையோடு தமிழ்நாடு எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கும் அரசாணைக்கும் இடையில் ஓடிய காலம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. மாநில அளவில் தொடக்கக்கால இறப்புகள் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாகத் திட்டத்தின் மதிப்பீடு சொன்னது. 2025-இல் இன்னொரு படியும் ஏறினார்கள். பணியாளர் அளவுகளைப் பதிவுசெய்ததும் அந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று செயலியே காட்டும் கணிப்பு முறை சேர்க்கப்பட்டது.

இந்த வேகத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பது, வேறொரு காசநோய்க் கண்டுபிடிப்பு நோயாளிக்கு வந்து சேர்ந்த கதையை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும்.

வழக்கமான மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு, பல பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த புதிய மருந்து பெடாகுவிலின். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். இந்தியாவில் 2016-இல்தான், அதுவும் ஆறு மையங்களில் மட்டும், கட்டுப்பாட்டோடு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரையிலும் அதற்குப் பின்னும் ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்த ஊசிகளால் காது கேட்காமல் போனவர்கள் பலர். அப்படிச் செவித்திறனை இழந்த இருவர், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும், பெடாகுவிலினின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மருந்தின் அடிப்படைக் காப்புரிமை அதே ஆண்டு ஜூலையில் முடிந்தது. பெடாகுவிலினோடு பிரிட்டோமனிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆறே மாதத்தில் முடிக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஏற்றது 2024 செப்டம்பரில். முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் இழுத்த சிகிச்சை அது. 2012-இலிருந்து கணக்கிட்டால் 12 ஆண்டுகள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கை வரையிலான பயணம் சராசரியாக 17 ஆண்டு எடுக்கிறது என்று மருத்துவக் கொள்கை எழுத்துகளில் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், எதிலிருந்து எதுவரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் அந்தத் தாமதத்தை உடைக்கவென்றே அரசுகள் அமைப்புகளை உருவாக்கியது உண்மை. அமெரிக்கா 2011-இல் தன் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குள் தனி மையம் ஒன்றைத் திறந்தது. இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறை 2007-இல் தனித் துறையானது. ஃபரிதாபாதில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் 2009-இல் வந்தது. உயிரித் தொழில்நுட்பத் தொழில்முனைவோருக்குக் கைகொடுக்க 2012-இல் ஓர் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இவற்றின் கவனம் பெரும்பாலும் பயணத்தின் முன்பாதியில்தான். மூலக்கூறு, முன்மாதிரி, காப்புரிமை, மனிதப் பரிசோதனை என்று அங்கே பணமும் பெருமையும் இருக்கின்றன. பரிசோதனை முடிந்தபின் அது அரூர் தாலுகாவுக்கு எப்படிப் போகும் என்கிற பின்பாதிக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். ஐந்து அளவுத் திட்டத்தில் அந்தக் கைகாட்டல் நடக்கவில்லை. ஆய்வை வடிவமைத்தவர்களும் செயல்படுத்தும் அலுவலர்களும் தொடக்கம் முதல் ஒரே மேசையில் இருந்தார்கள். வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லாததால் டெண்டரும் இல்லை. அரசு வேகமாக ஓடியதற்கு அதன் நல்லெண்ணத்தைவிட இந்த இரண்டு காரணங்களே முக்கியம் என்பது என் கணிப்பு.

சென்னைக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து காசநோய் வேதிசிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த முதல் ஆய்வின் கேள்வி மிக நேரடியானது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை தருவதும் வீட்டிலேயே வைத்துத் தருவதும் ஒன்றா? ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வு, செவிலியர், நல்ல சாப்பாடு ஆகியவற்றோடு இருந்தார்கள். இன்னொரு பகுதியினர் சென்னையின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் மருந்தை உண்மையில் விழுங்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகைப் புரட்டிப் போட்டது. இரண்டு குழுவிலும் குணமானோர் ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானோர் குடும்பத்தைப் பிரியாமல் குணமடைய வழிவிட்டது. சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் பிறகு அரசு நெஞ்சக மருத்துவமனை ஆயிற்று. பழைய பெயர் மின்சார ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த முடிவோடு இன்னொரு பாடமும் ஒட்டிக்கொண்டு பயணித்தது. மோசமான சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள் என்பதை, சாப்பாடு பெரிய விஷயமில்லை என்று படித்துக்கொண்டார்கள். ஆய்வு காட்டியது, மருந்து தவறாமல் உள்ளே போனால் நல்ல சாப்பாடு இல்லாமலும் கிருமி ஒழியும் என்பதைத்தான். எலும்பும் தோலுமாக வருபவர் பிழைப்பாரா, அவருடைய பிள்ளைகளுக்கு நோய் வராமல் காக்க எது உதவும் என்ற கேள்விகளை அது தீர்த்துவைக்கவில்லை. ஆனால் பட்ஜெட் போடுபவருக்கு வசதியான பாடம் எதுவோ அது வேகமாகப் போய்ச் சேரும். 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியக் காசநோய்க் கொள்கையின் மையத்தில் மருந்தும் பரிசோதனையும் மட்டுமே இருந்தன. நோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென்று மாதம் 500 ரூபாய் வந்தது 2018-இல்தான்.

அந்தப் பழைய பாடத்தைத் திருத்திய ஆய்விலும் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்றது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அது. காசநோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. பாதிக் குடும்பங்களில் நோயாளியோடு வாழும் மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. 10,345 குடும்ப உறுப்பினர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 விழுக்காடு. முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு தடுப்பூசி இந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் நாடே கொண்டாடியிருக்கும்.

2023 ஆகஸ்டில் முடிவுகள் வந்தன. 2024 நவம்பர் முதல் நோயாளிக்கான உதவித்தொகை மாதம் 1000 ரூபாயாக உயர்ந்தது. எடை குறைந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கூடுதல் சத்துணவும், குடும்ப உறுப்பினருக்கும் உணவுப் பை என்ற அறிவிப்பும் சேர்ந்து வந்தன. அரசு அளவுகோலில் 15 மாதம் என்பது குதிரைப் பாய்ச்சல்தான். ஆனால் கொடுத்தது எது என்று பார்க்க வேண்டும். ஆய்வில் சோதிக்கப்பட்டது பொருள், வந்தது வங்கிக் கணக்கில் பணம். ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு குடும்பத்தார் காப்பாற்றப்பட்டது. அந்தக் குடும்பத்தாருக்கான பையோ, நோயாளிகளைத் தத்தெடுக்க முன்வரும் கொடையாளர்கள் கையில் விடப்பட்டது. கொடையாளர் கிடைத்தால் பை கிடைக்கும். சென்னை ஆய்வைப் பாதி படித்த பழக்கம் இங்கேயும் தொடர்கிறது என்று தோன்றுகிறது.

தருமபுரியை நினைத்தால் இது வெறும் கொள்கைத் தகராறாக இல்லை. மானாவாரி நிலம், பொய்க்கும் மழை, ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. ஊரில் பிழைப்பு இல்லாமல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் ஏராளம். அங்கே இருமல் வந்தால் மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்து நாளை ஓட்டுவார்கள். முடியாமல் போகும்போதுதான் ஊர் திரும்புவார்கள். அப்படி வருகிறவரிடம்தான் ஐந்து அளவுகளும் ஒரேயடியாகச் சிவப்புக் காட்டும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருப்பவரைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்து ஒரு வாரம் படுக்கச் சொன்னால், அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. கூட இருக்க ஆள் யார்? ஆடு மாட்டை யார் பார்ப்பது? கூலி போகுமே, வட்டி கட்ட என்ன செய்வது? செயலி 40 விழுக்காடு ஆபத்து என்று காட்டினாலும், அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கும் பணியாளர்தான். சித்தேரிக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993-இல் ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கி, மலையாளிப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கியதன் பலன் இங்கேதான் தெரியும். மருத்துவம் கிராமத்துக்குள் நுழைய அந்தக் கிராமத்தின் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும்.

உணவு விஷயத்தில் தமிழ்நாட்டிடம் ஜார்கண்டைவிடத் தயாரான ஒரு வழி இருக்கிறது. ரேஷன் கடை எல்லா ஊரிலும் உண்டு. அரிசி இலவசம், துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முன்னோட்டத்தை அரசு தொடங்கியது. களி தின்று வளர்ந்த மாவட்டம் என்பதால் தேர்வு சரியானதே. ஜார்கண்ட் ஆய்வின் கணக்குப்படி, நோயாளியைத் தவிர நான்கு பேர் உள்ள குடும்பத்தில் அந்த நால்வருக்கு மட்டும் மாதம் 6 கிலோ பருப்பு வேண்டும். கடையில் கிடைப்பது ஒன்று. குறைவது 5 கிலோ, அதுவும் சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கு மட்டும். அரிசியைப் பற்றிக் கவலை குறைவு, புரதத்தில்தான் பள்ளம்.

ஒரு சிக்கல் உண்டு. ஒரு வீட்டுக்கு மட்டும் திடீரென்று 6 கிலோ பருப்பு அளந்தால், வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் அந்த வீட்டில் டி.பி. என்று தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு நின்றுபோகும், வேலை பார்த்த இடத்தில் வர வேண்டாம் என்பார்கள். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் பணியாளர்கள் ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பையோடு பருப்பும் போகலாம், ஆனால் மலைக் கிராமத்துக்கு 5 கிலோவைச் சுமந்து ஏறச் சொல்வதற்குத் தனிக் கூலி தர வேண்டியிருக்கும். எது எடுபடும் என்பதை மேசையில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. பென்னாகரம் பக்கம் ரேஷன் கடை வழியாகவும் அரூர் பக்கம் வீடு தேடியும் ஆறு மாதம் கொடுத்து, இரண்டு பக்கத்திலும் நோயாளியின் எடையையும் குடும்பத்தில் புதிதாக இருமுபவர்களின் எண்ணிக்கையையும் மாதாமாதம் குறித்துக்கொண்டு வந்தால் போதும். அதற்கு வேண்டிய எடை மெஷின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.